காற்றை எதிர்த்து வந்த பானை

கோரைக்குளத்தில் மிகுந்த தண்ணீர் வெளியேறுகிற கலிங்கின் சுவர் மேல் ஒரு நரி உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் செவலைக்காது. விடிந்ததும் வந்து உட்கார்ந்தது, வெயில் உச்சிக்கு ஏறியும் எழுந்திருக்கவில்லை. எறும்பு கடித்தால் மட்டும் காலை மாற்றிப் போட்டுக்கொண்டது.

"என்ன அண்ணாச்சி, வானத்துல ஏதும் எழுதியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே காட்டுப்பூனை கரிவாலி கரையேறி வந்தது.

"வாத்து வருதான்னு பாக்கேன் தங்கச்சி."

"வரும்போது அதுவே கத்திக்கிட்டு வரும். நீங்க கழுத்து வலிக்கப் பாத்தா சீக்கிரம் வந்துருமா?"

பார்ப்பதால் வாத்து வராது என்று நரிக்கும் தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க அதனால் ஆகாது. குணம் அப்படி. ஒரு பொந்தைக் கண்டால் உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று மூக்கை விட்டுப் பார்த்தே தீர வேண்டும். அப்படிப் பார்க்கப் போய் ஒரு உடும்பிடம் பிறாண்டல் வாங்கின தழும்பு மூக்கிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகும் புத்தி வந்ததா என்றால், வரவில்லை.

இந்த வருஷம் பார்ப்பதற்கு வேறு காரணமும் இருந்தது. போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற வரித்தலை வாத்துகள் வறண்ட குளத்தை மேலே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்காமலே போய்விட்டன. பனிக்காலம் முழுக்க நரிக் குடும்பத்துக்கு நண்டும் எலியும்தான். விலா எலும்பு ஒவ்வொன்றும் வெளியே தெரிந்தது. இந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து, குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. வீட்டில் குட்டிகளும் பிறந்துவிட்டன.

அன்று காலையில் நரியின் மனைவி ஒன்று சொல்லி அனுப்பியிருந்தது.

"இந்தாங்க, இந்தத் தடவையும் வாத்து இறங்கலைன்னா நான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் இருக்கிற வாழைத்தோட்டத்துக்குப் போயிருவேன். அங்க எலின்னாலும் கொழுத்த எலி. நீங்க ஒத்தையில கலிங்குல உக்காந்து வானத்தப் பாத்துக்கிட்டு இருங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை.

போன வருஷப் பட்டினியை நினைத்து, இந்த வருஷ வேட்டைக்கு அது முன்கூட்டியே ஒரு புது ஏற்பாடு செய்திருந்தது. அதுவும் வேடிக்கை பார்க்கப் போய்க் கற்றதுதான். தூரத்துக் குளம் ஒன்றில் மனிதர்கள் வாத்துப் பிடிப்பதை ஒரு பகல் முழுக்க முள்ளுக்குள் கிடந்து பார்த்தது. முதலில் அவர்கள் வெறும் பானைகளைத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். வாத்துகள் முதலில் மிரளும். நாள் போகப் போக, பானைதானே என்று பக்கத்திலேயே மேயும். பிறகு ஒருவன் கண்ணுக்கு ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்து போவான். வாத்தின் காலைப் பிடித்து உள்ளே இழுப்பான். பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது.

நரி இதைக் கரிவாலியிடம் சொன்னபோது அது வாலைச் சுருட்டிக்கொண்டு சிரித்தது. மறுநாளே இரண்டும் குயவர் சூளைக்குப் பின்னால் போயின. கருகினது, கோணினது என்று ஒதுக்கிப் போட்ட பானைகளை ஒவ்வொன்றாக மூக்கால் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து குளத்தில் விட்டன. கண்ணளவுக்கு ஓட்டை விழுந்த இரண்டு பானைகளை மட்டும் தனியே எடுத்து, கரையில் முள்ளடர்ந்த உடைமரத்தடியில் ஒளித்து வைத்தன. ஒன்று நரிக்கு, ஒன்று பூனைக்கு.

"ஒரு பேச்சு அண்ணாச்சி," என்றது கரிவாலி. "முதல்ல வாரது கூட்டம் இல்ல. குளம் எப்படி இருக்குன்னு பாக்க நாலஞ்சு வாத்து வரும். அதுக போய் நல்ல சேதி சொன்னாத்தான் கூட்டம் வரும். அந்த நாலஞ்சு மேல கை வச்சோம்னா அம்புட்டும் போச்சு."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா உங்களால சும்மா இருக்க முடியாதே. அதனாலதான் சொல்லுதேன். கூட்டம் இறங்குற வரைக்கும் ரெண்டு பானையும் மரத்தடியிலதான் இருக்கணும்."

இரண்டும் ஒரு நண்டைப் பிடித்து ஆளுக்குப் பாதியாகக் கடித்துத் தின்றன. அந்தக் கரையில் வேட்டைக்காரர்கள் சத்தியம் செய்வது அப்படித்தான். ஒரே நண்டைத் தின்றவர்கள் ஒருவரை ஒருவர் ஏய்க்கக் கூடாது.

வாடைக்காற்று வீச ஆரம்பித்த ஒரு காலையில் அவை வந்தன. நாலைந்து வாத்துகள்தான். வெள்ளைத் தலையில் பின்பக்கமாகக் கறுப்புப் பட்டை இரண்டு. ஓசைப்படாமல் வட்டமடித்து, குளத்து நடுவில் இறங்கின.

நரிக்கு அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. எப்படி இருக்கும்? அம்புட்டுத் தூரம் பறந்து வந்ததற்கு மெலிந்திருக்குமா, கொழுத்திருக்குமா? மலைக்கு அந்தப் பக்கம் அப்படி என்னத்தைத்தான் தின்கின்றன? இறகுக்கு அடியில் விரல் கனத்துக்குக் கொழுப்பு இருக்கும் என்று அதன் தகப்பன் சொன்னது நிஜமா?

"பாக்கத்தானே போறேன். தொடவா போறேன்?" என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு கோரைக்குள் புகுந்தது. சேற்றில் கால் புதையத் தண்ணீர் ஓரம் வரைக்கும் போய் ஆசை தீரப் பார்த்தது. கொழுத்துத்தான் இருந்தன. திரும்பும்போது கோரை சலசலக்கக் கூடாதே என்று, ஓரத்துத் தண்ணீரிலேயே நடந்து கலிங்குப் பக்கமாகக் கரையேறியது.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பானைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போவோம் என்று உடைமரத்தடிக்குப் போனது.

ஒரு பானைதான் இருந்தது. கரிவாலியின் பானையைக் காணோம்.

நரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அடப்பாவி! எனக்குப் புத்தி சொல்லிட்டு இவ இறங்கிட்டாளே." ஒரு குரல் கொடுத்துக் கூப்பிட்டிருந்தால் போதும், விஷயம் தெளிந்திருக்கும். ஆனால் நரிக்கு அது தோன்றவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று தானே போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது. மிச்சம் இருந்த பானைக்குள் காதுகளை மடக்கித் தலையை நுழைத்துக்கொண்டு தெற்குக் கரையிலிருந்து தண்ணீரில் இறங்கியது.

பானைக்குள் தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது. ஓட்டை வழியாக வட்டமாக ஒரு துண்டுத் தண்ணீர் தெரிந்தது. அதில் பானைகள் மிதந்துகொண்டிருந்தன. எது கரிவாலி? ஒவ்வொன்றாகப் பார்த்து, இதுவா அதுவா என்று நரி மெல்ல மெல்ல நடுக்குளத்துக்கு வந்துவிட்டது. வாத்துகள் பேசுவது பக்கத்திலேயே கேட்டது.

"தண்ணீர் நல்ல தண்ணீர்," என்றது ஒரு வாத்து. "கரையில் நாயும் இல்லை, ஆளும் இல்லை."

"வயலில் நெல் பால் பிடித்திருக்கிறது," என்றது இன்னொன்று.

"பானைகள் என்னவோ கிடக்கின்றன. கிடந்துவிட்டுப் போகட்டும்," என்றது அவற்றில் மூத்தது. "பொழுது சாய்வதற்குள் போய்க் கூட்டத்தை அழைத்து வருவோம். எனக்கு இந்தக் குளம் பிடித்துவிட்டது."

நரியின் நெஞ்சு குதித்தது. கூட்டம் வரப் போகிறது. மனைவி வாழைத்தோட்டத்துக்குப் போக வேண்டாம். குட்டிகளுக்கு விலா தெரியாது. இனி ஆடாமல் அசையாமல் பானையாகவே மிதந்தால் போதும்.

அப்போது ஓட்டைக்குள் ஒரு பானை தெரிந்தது. மற்றதெல்லாம் காற்றுக்கு ஆடி ஆடித் தெற்கே போக, அது மட்டும் ஆடாமல் குறுக்கே வந்தது. நேராக வாத்துகள் பக்கம் போனது.

பிடிக்கப் போறா! கெடுக்கப் போறா! நரி நாலு காலையும் உதைத்துக்கொண்டு காற்றுக்கு எதிரே பாய்ந்தது.

"பெரியம்மா," என்றது ஒரு வாத்து, "பானைக்கு நீந்தத் தெரியுமா?"

மூத்த வாத்து கழுத்தை நீட்டிப் பார்த்தது. "தெரியாதே. ஏன் கேட்கிறாய்?"

"எல்லாப் பானையும் காற்றோடு போகிறது. இது மட்டும் காற்றை எதிர்த்து வருகிறது. அதோ, இன்னொன்று குறுக்கே போகிறது."

"அட, ஆமாம். நகருங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்போம்."

வாத்துகள் விலகி வட்டமாக நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தன. இரண்டு பானையும் படாரென்று மோதின. ஓடுகள் உடைந்து விழுந்தன. ஒன்றிலிருந்து நரிக் காது நிமிர்ந்தது, இன்னொன்றிலிருந்து பூனை மீசை நிமிர்ந்தது.

"ஒரே நண்டத் தின்னுட்டு இப்படிச் செய்யலாமா நீ?" என்று நரி மூச்சிரைக்கக் கேட்டது.

"நானா செஞ்சேன்? சேத்துல உங்க காலுதான் பதிஞ்சு கிடக்கு. தண்ணிக்குள்ள போன தடம் இருக்கு, வந்த தடம் இல்ல. வெறுந்தலையோட நீந்திப் போய்ட்டீயளேன்னு உங்களத் தடுக்கத்தான் வந்தேன்."

"நான் பாக்கத்தான் போனேன். தண்ணியிலயே நடந்து கலிங்குல ஏறிட்டேன். உன் பானையக் காணோம்னு உன்னத் தடுக்கத்தான் வந்தேன்."

"அப்ப வாத்துப் பக்கம் ஏன் பாஞ்சிய?"

"நீ பிடிச்சிருவேன்னு."

"நீங்க பிடிச்சிருவீயன்னுதான் நானும் போனேன்."

இரண்டும் வாயைத் திறந்தபடி ஒன்றையொன்று பார்த்தன. தண்ணீர் மோவாயில் சொட்டியது. யாரும் யாரையும் ஏய்க்கவில்லை.

மூத்த வாத்துக்குக் கோபம் வரவில்லை. அது தூரதேசமெல்லாம் பார்த்த வாத்து. ஆனால் இப்படி ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை. கொஞ்சம் கிட்டே வந்து, எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு கேட்டது.

"தவறாக நினைக்க வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நீங்கள் எங்களைப் பிடிக்க வந்தவர்கள் இல்லையா?"

"இல்ல, இல்ல," என்றன இரண்டும் ஒரே குரலில். "இன்னைக்கு உங்க மேல ஒரு தூசி படக்கூடாதுன்னுதான் வந்தோம்."

"ஒருவரிடமிருந்து ஒருவர் எங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்கள். சரி." வாத்து தலையைச் சாய்த்துக்கொண்டது. "இன்றைக்குக் காப்பாற்றினீர்கள். நாளைக்கு எங்கள் கூட்டம் வந்தால்?"

நரி பூனையைப் பார்த்தது. பூனை நரியைப் பார்த்தது.

"புரிந்தது," என்றது வாத்து. சிறகை விரித்துத் தண்ணீரை உதைத்து எழும்பியது. மற்றவையும் பின்னாலேயே எழும்பி வடக்கே போயின.

மறுநாள் காலையில் கூட்டம் வந்தது. வானம் மறைகிற அளவுக்கு வந்தது. கலிங்கின் மேல் நரியும் பூனையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. கூட்டம் கோரைக்குளத்தைத் தாண்டி நேராகப் பிள்ளையார்குளத்துக்குப் போய் இறங்கியது. அது ஊருக்கு நட்ட நடுவில் இருக்கிற குளம். சுற்றிலும் வீடு, வீட்டுக்கு ஒரு நாய். நரியோ பூனையோ அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

"தங்கச்சி," என்றது நரி. "தடத்தப் பாத்ததும் ஒரு குரல் குடுத்திருக்கலாமே. நான் கலிங்குலதான் நின்னேன்."

"பானையக் காணோம்னதும் நீங்க குடுத்தீயளா அண்ணாச்சி? நான் அப்பத்தான் தண்ணியில கால வச்சேன். கேட்டிருக்கும்."

கீழே கரையோரமாக அதன் மனைவி ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, மற்றதுகளை முன்னால் விட்டு நடந்து போய்க்கொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நரி எழுந்து பின்னாலேயே ஓடியது.

கூட்டாளி மேல் சந்தேகம் வந்தால் வாய் திறந்து கேட்டுவிட வேண்டும். ஒளிந்து நின்று அவனைக் காவல் காக்கப் போகிறவன், இருவருக்கும் சேர்ந்து வரவிருந்ததைத் தானே விரட்டிவிடுவான்.