மின்மினி கார்க்காரர்கள் படம் பார்த்த கதை

மூங்கில்பாளையம் கார் ஸ்டாண்டில் நாலு டிரைவர்கள் இருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட அவர்களில் ஒருத்தராவது பிழைத்திருப்பார். அப்படி ஒன்று இருந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. இருப்பதாக அவர்களும் சொல்லிக்கொண்டதில்லை. "நமக்கு அறிவு கம்மிங்க, ஆனா ஹெட்லைட் ரெண்டும் நல்லா எரியும்" என்று சவாரி ஏறுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

நாலு பேரில் மூத்தவர் நாச்சிமுத்து. சட்டைப் பையில் பேனா வைத்திருந்த காரணத்தால் ஸ்டாண்டுக்குச் செயலாளர் ஆனவர். திருமூர்த்தி, ரங்கராசு, சென்னியப்பன் ஆகிய மற்ற மூவரும் தன்னைவிட முட்டாள்கள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்யும்போது மட்டும் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடும்.

நாலு பேரும் ஓட்டியது மின்மினி என்ற கார். வரதாச்சலம் என்ற ஒரு பெரிய மனிதர் ஒரு காலத்தில் தயாரித்தது. அவரும் போய், கம்பெனியும் மூடிப் பல வருஷம் ஆகிறது. ஊரில் மிச்சமிருந்த நாலு மின்மினிக்கும் ஒரே வியாதி. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கும். இழவு வீட்டு முன்னால் மெதுவாகப் போய் நிறுத்தினாலும் கல்யாண ஊர்வலம் வந்த மாதிரி ஒரு முழக்கம். சந்தையில் மாட்டுக்குப் பின்னால் பிரேக் போட்டால் மாடு தாராபுரம் போய்த்தான் நிற்கும்.

வருஷா வருஷம் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய் எஃப்.சி. வாங்க வேண்டும். அது இல்லாத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. இந்த வருஷம் புதிதாக வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் நாலு வண்டியின் பிரேக்கையும் மிதித்துப் பார்த்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"திங்கக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணிக் கொண்டாங்க. இல்லேன்னா நாலும் பழைய இரும்புக்குத்தான்" என்றார்.

எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடவில்லை. நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இருபது வருஷமாக அந்த வண்டியைத் தவிர வேறு எதிலும் அவர் உட்கார்ந்து சம்பாதித்ததில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை டீக்கடைச் சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது.

'சக்கரவர்த்தி வரதாச்சலம். மின்மினி கார் பிறந்த ரகசியம்! குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்! சீட்டின் நுனியில் உட்கார வைக்கும் படம்!'

"ரகசியம் பூராவும் படத்துல இருக்குதாம். ஹாரனை எங்க கோத்தாருன்னு காட்டாமயா இருப்பாங்க" என்றார் நாச்சிமுத்து. மூவரும் ஒத்துக்கொண்டார்கள்.

தியேட்டர் முதலாளி சுப்பராயனுக்கும் அன்று அவர்கள் தேவைப்பட்டார்கள். காலைக் காட்சிக்குப் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் ஏசிக்காக வந்தவர்கள். அவர் நாச்சிமுத்துவைத் தனியாக அழைத்தார்.

"டிக்கெட் வேண்டாம், சும்மா போய்ப் பாருங்க. ஆனா முடிஞ்சு வெளிய வந்ததும் யூடியூப் சேனல்ல இருந்து மைக்கை நீட்டுவாங்க. நல்ல வார்த்தை நாலு சொல்லிட்டுப் போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாலு போதுங்களா?"

"தாராளமாப் போதும்."

நாலு பேரும் பார்க்கிங்கில் நின்று ஆலோசித்தார்கள். ஆளுக்கு ஒரு வார்த்தை என்று பிரித்துக்கொள்வதில் சிக்கல் இல்லை. எது நல்ல வார்த்தை என்பதில்தான் சிக்கல்.

"நல்ல வார்த்தைன்னா கேட்டதும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கோணும்" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப ஐஸ்" என்றார் திருமூர்த்தி.

"அது முதலாளிக்கு ஐஸ் வெச்ச மாதிரி ஆயிரும். வேற சொல்லப்பா."

"சாப்பாடு."

"அது நல்ல வார்த்தை."

ரங்கராசு 'மழை' என்றார். சென்னியப்பன் ரொம்ப நேரம் யோசித்து 'லீவு' என்றார். அதைவிட நல்ல வார்த்தை தமிழில் இல்லை என்று மற்ற மூவரும் பொறாமைப்பட்டார்கள். செயலாளர் என்கிற முறையில் நாச்சிமுத்து 'வணக்கம்' எடுத்துக்கொண்டார்.

உள்ளே போனதும் நாலு பேரும் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்கள். போஸ்டரில் போட்டிருந்ததே. மடக்குச் சீட்டு. நுனியிலிருந்து கொஞ்சம் நழுவினால் சீட்டு மடங்கி முதுகில் இடித்தது. திருமூர்த்தி இரண்டு தடவை கீழே விழுந்தார். விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் சௌகரியமாகவே இருந்தார்.

திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. 'செல்போனை அணைத்து வைக்கவும்.'

நாலு பேரும் அவரவர் போனை எடுத்து மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். அரைமணி கழித்து ரங்கராசுவின் போன் அலறியபோது முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

"போனை அணைங்கய்யா."

"அணைச்சுத்தானுங்க வெச்சிருக்கறேன். இன்னும் இறுக்கினா ஒடஞ்சு போயிரும்" என்றார் ரங்கராசு வருத்தமாக.

சென்னியப்பன் முதல் காட்சியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா என்று நாச்சிமுத்து கேட்டார்.

"இல்லீங்ணா. குடும்பத்தோட பாக்க வேண்டிய படம்னு போட்டிருக்குது. குடும்பம் தாராபுரத்துல இருக்குது. ஒண்டியாப் பாத்தாத் தப்பாயிருமல்ல. காதுல கேட்டுக்கறேன்."

பிறகு யோசித்தபோது, நாலு பேரில் புத்திசாலி சென்னியப்பன்தான் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது.

ஏனென்றால் படம் அப்படி இருந்தது. நாச்சிமுத்து மடியில் நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து, இஞ்சினுக்காகக் காத்திருந்தார். வரதாச்சலம் இடி மின்னலோடு பிறந்தார். பாட்டு. வளர்ந்ததும் அப்பா கன்னத்தில் அறைந்தார். பாட்டு. பனி மலையில் ஒரு பெண்ணோடு ஆடினார். மூங்கில்பாளையத்துப் பெரிய மனிதர்கள் யாரும் பனியில் ஆடி நாச்சிமுத்து பார்த்ததில்லை. பதினெட்டு வயசில் வைத்திருந்த தாடியை எண்பது வயசிலும் அதே தாடியாகவே வைத்திருந்தார். தொழிற்சாலையைக் காட்டினார்கள், வெளியிலிருந்து. கேட் பூட்டியிருந்தது.

கடைசியில் ஒரே ஒரு தடவை மின்மினி வந்தது. கொட்டும் மழை. வண்டி கிளம்பவில்லை. வரதாச்சலம் பானெட்டின் மேல் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு சொட்டுக் கண்ணீர் உள்ளே போனது. வண்டி கிளம்பிவிட்டது. வணக்கம் போட்டார்கள்.

நாச்சிமுத்துவின் நோட்டில் 'பொறப்பு, பாட்டு, அறை, பாட்டு, பாட்டு, தாடி, பூட்டு, பாட்டு, அழுகை' என்று இருந்தது.

வெளியே ஷர்மிளா என்ற யூடியூப் சேனல் பெண் மைக்கோடு நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு கேமராக்காரர். பத்தடி தள்ளிச் சுப்பராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், கேமராவைப் பாத்துச் சொல்லுங்க" என்று ஷர்மிளா மைக்கைத் திருமூர்த்தியிடம் நீட்டினாள்.

திருமூர்த்தி கேமராவைச் சுற்றி வந்து பார்த்தார். "கருப்பா இருக்குதுங்க. வலது பக்கம் ஒரு கீறல். மத்தபடி குறை சொல்ல முடியாது" என்றார்.

"அய்யோ, படத்தைப் பத்திச் சொல்லுங்க சார்."

நாச்சிமுத்து கண்ணைக் காட்டினார். நாலு பேரும் வரிசையாக நின்றார்கள்.

"வணக்கம்."

"சாப்பாடு."

"மழை."

"லீவு."

சொல்லி முடித்ததும் நாச்சிமுத்து சுப்பராயனைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். சுப்பராயன் தலையில் கை வைத்திருந்தார். அதுவும் பதில் வணக்கம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அஞ்சுக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்க?" என்று கேட்டாள் ஷர்மிளா.

நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பகல் ஒன்றரை மணி. "இப்ப ஒண்ணுங்கூடத் தெரியலீங்க" என்றார் ரங்கராசு.

ஷர்மிளா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "செகண்ட் ஆஃப் எப்படி?"

சும்மா உள்ளே விட்ட மனிதருக்குச் செஞ்சோற்றுக் கடன் தீர்க்க வேண்டும் என்று நாச்சிமுத்து நினைத்தார். ஒரு டிரைவருக்குத் தெரிந்த பாராட்டுகளிலேயே பெரிய பாராட்டை எடுத்து வைத்தார். "நல்லா இழுக்குதுங்க. முதல் பாதியும் இழுத்துது. ஆனா ரெண்டாவது பாதி இருக்குது பாருங்க, அப்படி ஒரு இழுவை. எங்க வண்டியெல்லாம் அந்த அளவுக்கு இழுத்ததே இல்லீங்க."

"படம் ஓடுமா சார்?"

இதற்கு மட்டும் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "ஓடாதுங்க. இஞ்சினையே காட்டலீங்களே, எப்படி ஓடும்? ஆனா படத்தைக் குத்தம் சொல்லமாட்டனுங்க. அது பாட்டுக்கு அது இருந்துது. அதுகிட்டப் போய் விஷயம் கேட்டு உக்காந்தது நாங்கதானுங்க. குத்தம் எங்க மேலதான்."

சென்னியப்பன் மைக்கை வாங்கி, "நான் பாக்கவே இல்லீங்க. சத்தம் நல்லாக் கேட்டுச்சு" என்று முடித்துவைத்தார்.

சாயங்காலத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. 'கார் படத்தைக் கழுவி ஊற்றிய கார் டிரைவர்கள்' என்று தலைப்பு. ஸ்டாண்டில் நாலு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

"நாம எதையும் கழுவலையே" என்றார் திருமூர்த்தி.

"நான் காலைல வண்டி கழுவினேன். அதை யாரோ பாத்துச் சொல்லியிருக்கறாங்க" என்றார் ரங்கராசு.

சுப்பராயன் அந்தப் பக்கமே வரவில்லை. சனிக்கிழமையோடு படத்தைத் தூக்கிவிட்டார். நாச்சிமுத்துவுக்கு அது உறுத்தியது. ஒரு மனிதன் நம்பி நாலு வார்த்தை கேட்டான், நாலும் சுத்தமாகச் சொன்னோமே, எங்கே தப்பானது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வேறு வழி தெரியாமல், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

"இதுல வைத்தியம்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அழுகை" என்றார் நாச்சிமுத்து.

"அது சினிமாவுக்குப் பண்ணினது இல்லீங்களா?" என்றார் திருமூர்த்தி.

சென்னியப்பன் குறுக்கிட்டார். "படத்தைப் பாத்தவங்க ஏமாந்திருக்கலாம். நான் பாக்கல. எனக்கு மழை கேட்டுச்சு, அழுகை கேட்டுச்சு, அப்புறம் இஞ்சின் கேட்டுச்சு. மூணும் அந்த வரிசைல."

கண்ணால் பார்க்காத சாட்சி சொன்ன பிறகு மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் முதல் வண்டியாக நாச்சிமுத்துவின் மின்மினி நின்றது. ரங்கராசு பூவாளியில் தண்ணீர் மொண்டு வந்து மழை பெய்ய வைத்தார். மழை சரியாக வந்தது. அழுகைதான் வரவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தால் சிரிப்பு வந்தது.

"கஷ்டமானது ஏதாச்சும் நெனைங்கப்பா" என்றார் நாச்சிமுத்து.

"எதை நெனைக்கறதுங்ணா?"

"அந்தப் படத்தை நெனைச்சுக்கோங்க. அந்த மூணு மணி நேரம். அது இனி திரும்பி வராது."

அவ்வளவுதான். நாலு பேருக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. பானெட்டில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார்கள். படத்தில் சென்னியப்பனுக்குக் கேட்ட அளவுக்கு.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அவர்கள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வீடியோவுல வந்த நாலு பேர் நீங்கதானே? ரெண்டாவது பாதி நல்லா இழுக்குதுன்னு சொன்னது யாரு?"

"நானுங்க சார்" என்றார் நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வண்டி தெரிஞ்ச ஆளு சொல்றாரே, நல்ல பிக்கப் போலிருக்குன்னு நம்பிக் குடும்பத்தோட போனேன்யா." இன்ஸ்பெக்டர் கர்சீப்பை எடுத்தார். "இப்ப எதுக்கு இங்க அழறீங்க?"

"அந்தப் படத்தை நெனைச்சுங்க சார்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பானெட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். இரண்டு சொட்டு விழுந்தது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வண்டியில் ஏறிப் பிரேக்கை மிதித்தார்.

சத்தமே இல்லை. மறுபடியும் மிதித்தார். இல்லை. நாச்சிமுத்து வானத்தைப் பார்த்தார். செத்துப்போன வரதாச்சலத்தை மனசுக்குள் கும்பிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஹாரனை அமுக்கினார். அதற்கும் சத்தம் இல்லை.

"ஹாரனே இல்லாத வண்டிக்கு எப்படிய்யா எஃப்.சி. குடுக்கறது?" என்று கீழே இறங்கினார்.

நாலு பேரும் ஒதுங்கிப் போய்த் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். வைத்தியம் சரி, மருந்துதான் அளவு கூடிவிட்டது என்று முடிவானது. வரதாச்சலம் அழுதது ஒரு ஆள். இங்கே ஐந்து பேர். நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எங்க நாலு பேரு அழுகை அளவாத்தான் இருந்துது. நீங்க அழுததுதான் ஜாஸ்தி ஆயிருச்சு. பானெட்டுகிட்ட நின்னு கொஞ்சமாச் சிரிச்சீங்கன்னா அதுக்குச் சரியாப் போயிரும்."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். பூவாளியோடு நின்ற ரங்கராசுவைப் பார்த்தார். சட்டையெல்லாம் நனைந்து, விறைப்பாக, பயபக்தியோடு காத்திருந்த மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து, நனைந்த வயர் எங்கேயோ போய் ஒட்டியது. யாரும் தொடாமலே ஹாரன் பீறிட்டு அடித்தது. நிற்கவே இல்லை. ஆபீசிலிருந்து ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அதைக் கண்டு இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாச்சிமுத்து பதறிப் போய் அவர் கையைப் பிடித்தார்.

"போதுங்க சார். அளவாச் சிரிங்க. இன்னும் மூணு வண்டி இருக்குது."