பூட்டுன சந்தையில கேட்ட குரல்

வெள்ளம் வடிஞ்சாச்சு. சேறெல்லாம் வாரியாச்சு. கடன ஒடன வாங்கி சரக்கும் எறக்கியாச்சு. ஆனா சந்தைத்தெரு மட்டும் செத்த பாம்பாட்டம் நீட்டிக் கெடந்துச்சு. கடை தொறக்கலன்னு சனம் வரல. சனம் வரலன்னு கடை தொறக்கல.

தெருமுக்குல டீக்கடை மாசிலாமணி பாய்லரத் தொடச்சுக்கிட்டிருந்தாரு. டீ போட இல்ல, விக்கிறதுக்கு. மத்தியானம் பழைய சாமான்காரன் வண்டியோட வர்றேன்னு சொல்லியிருந்தான்.

பெஞ்சுல அவரோட குரு, பலகுரல் சாமி. குருவ விட சிஷ்யன்தான் வயசுல மூத்தவரு. தொப்பையிலயும்தான்.

"சாமி, தெருவுக்கு என்ன வேணும்னு நிவாரணக் கமிட்டில கேட்டதுக்கு, மேடையும் மைக்கும்னு சொன்னீங்களாமே?"

"ஆமா. வந்துச்சா?"

"சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. வயிறு காயுறப்ப பாட்டும் கூத்தும் எதுக்கு சாமி? ஒரு டீ வித்துக் குடுக்குமா அது?"

"பாய்லரப் பத்த வையி."

"யாருக்கு?"

"எனக்குய்யா!"

குரு நடுத்தெருவுக்குப் போனாரு. இடுப்புல கைய வச்சு, கருவாட்டுக்காரி சிந்தாமணி மாதிரியே மூக்கால இழுத்தாரு.

"நெத்திலீ... மோந்து பாத்தாலே ரெண்டு தட்டு சோறு எறங்கும் நெத்திலீ..."

அடுத்து வாழப்பழ இருதயராஜ்.

"பூவன்... லொக்கு லொக்கு... பூவன் பழம்..."

மாசிலாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. வெள்ளத்துக்கப்புறம் இப்பத்தான் சிரிக்கிறாரு.

சந்துக்குள்ள ஒரு கதவு படார்னுச்சு.

"எவடி அவ, எம் எடத்துல கருவாடு விக்கிறவ?"

சிந்தாமணி கூடையோட ஓடியாந்தா. பின்னாடியே இருதயராஜ், தோள்ல வாழத்தாரோட.

"எவன்டா எம் இருமலத் திருடுனவன்?"

ரெண்டு பேரும் குருவப் புடிச்சு உலுக்குனாங்க. அவரு உலுக்க உலுக்க அவங்க குரல்லயே அவங்களத் திட்டுனாரு. சண்டை பாக்க சன்னல் தொறந்துச்சு. கருவாடு வந்துருச்சுடின்னு பொம்பளைங்க பையோட எறங்குனாங்க. அவங்களப் பாத்து ஷட்டரு ஒவ்வொண்ணா மேல ஏறுச்சு.

பழைய சாமான்காரன் வந்தான். கூட்டத்துல வண்டி உள்ள நுழையல. நின்னு ஒரு டீயக் குடிச்சான், திரும்பிப் போயிட்டான்.

மாசிலாமணி டீய ஆத்திக்கிட்டே கத்துனாரு. "சாமி! பாட்டும் கூத்தும் ஒரு டீ வித்துக் குடுக்குமான்னு காலைல கேட்டேன், பதிலே சொல்லலியே!"

குரு தொண்ட கட்டிப்போயி என்னமோ முணுமுணுத்தாரு.

"என்னா சாமி? இந்த எரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல!"

குரு கிளாஸக் கீழ வச்சாரு. சிஷ்யனோட காதுகிட்ட குனிஞ்சாரு.

"அதத்தான்யா சொன்னேன்."