சுவருக்கு அந்தப் பக்கம்

"முகம் இருக்கு மதர். குரல்தான் போயிடுச்சு."

மலையேறி வந்த மூச்சிரைப்புகூட அடங்காமல் இன்னாசி சொன்ன முதல் வார்த்தை அது.

கல்மடத்து மதர் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார் முகம்?"

"என் பெஞ்சாதி மதர். சலேத். செத்து அஞ்சு வருஷமாச்சு. கண்ணை மூடினா முகம் வருது. மூக்குத்தி வருது. வாய் அசையுது. சத்தம் மட்டும் வரலை."

"ம்."

"நான் மைக்செட் போடுறவன். ஒயர் விட்டுப்போனா எந்த இடம்னு அஞ்சு நிமிஷத்தில பிடிச்சிடுவேன். இது எங்கே விட்டுச்சுன்னு தெரியலை."

மதருக்கு இன்னாசியைவிடப் பத்து வயது குறைவு. மடத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு காது ஆஸ்பத்திரியில், யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்லும் வேலை பார்த்தவர். அதனால் கீழே ஊரில் 'காது மதர்' என்றால்தான் தெரியும். காது வலி என்று வருகிறவர்களை, "எண்ணெய் காய்ச்சி ஊத்தினீங்களா? யார் ஊத்தச் சொன்னா?" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் மருந்தே கொடுப்பார்.

இன்னாசிக்குப் பின்னால், ஒரு தகரப் பெட்டியின்மேல் எட்டு வயதுப் பெண் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

"இது?"

"மக. அமலி."

"அமலி, தண்ணி குடிக்கிறியா?"

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. பிறகு ஒரு கையை மட்டும் தூக்கியது.

"பேச வராதா?"

"வரும் மதர். வீட்டில நாங்க பேசிக்கிறதில்லை. சைகைதான்."

மதரின் விரல்கள் கீரைத்தண்டில் நின்றன.

"கேசட்டில புதுசு பதிஞ்சா பழசு அழிஞ்சிடும் மதர். காதும் அப்படித்தானே? அந்த வீட்டில கடைசியா பேசினவ சலேத். அதுக்கு மேலே வேற குரல் ஏறக்கூடாதுன்னு பார்த்தேன். ரேடியோவைக் கழட்டிட்டேன். இவகிட்டயும் சொல்லிட்டேன். பள்ளிக்கூடத்தில என்ன வேணா பேசு, நம்ம வாசப்படி ஏறினா வாயை மூடிக்கணும். சொன்ன பேச்சு கேக்கிற பிள்ளை."

"அப்புறம் என்ன?"

"இருந்தாலும் பிள்ளை பிள்ளைதானே. தும்முறா. டம்ளரைப் போடுறா. தூக்கத்தில சிரிக்கிறா. அதனாலே, நாளன்னிக்கு சனிக்கிழமை பஸ்ஸுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இவ பெரியம்மா வீட்டில கொண்டுபோய் விட்டுடறேன். அங்கேயே வளரட்டும். வீடு முழுசா அடங்கிட்டா வந்துடும்."

"எது?"

"அவ குரல்."

மதர் எழுந்து மடியை உதறினார்.

"சனிக்கிழமை வரைக்கும் இங்கே சீடனா இருங்க. பிள்ளை சமையல்கட்டுல இருக்கட்டும். ஆனா அங்கே ஒரு சட்டம் உண்டு. பேசாம இருந்தா பருப்பு வேகாது."

"சத்தியமா வேகாது," என்றாள் உள்ளேயிருந்து சமையல்கார லூர்து. "நேத்து கோபத்தில வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு வரைக்கும் கல்லாட்டம் கிடக்குது!"

அமலி அப்பாவைப் பார்த்தாள்.

இன்னாசி சமையல்கட்டைப் பார்த்தான். வேற வீடு. ஒரு முழத்துக்கு மேல் தடிமனான கருங்கல் சுவர். ஒன்றும் வெளியே வராது.

தலையாட்டினான்.

•

அன்று மாலை மதர் காது சோதிக்கிற, இரண்டு கால் உள்ள ஓர் இரும்புக் கவையைக் கொண்டுவந்தார். முழங்கையில் தட்டி, அதன் காம்பை இன்னாசியின் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார்.

மண்டைக்குள் வண்டு ரீங்கரித்தது.

"நின்னதும் சொல்லுங்க."

வண்டு தேய்ந்து, தேய்ந்து...

"நின்னுடுச்சு மதர்."

"நிச்சயமா?"

"இருபத்தஞ்சு வருஷம் சத்தத்தில குப்பை கொட்டினவன். எனக்குத் தெரியாதா?"

மதர் கவையை எலும்பிலிருந்து எடுத்துக் காதுத் துளைக்கு முன்னால் காட்டினார்.

வண்டு மறுபடியும் ரீங்கரித்தது.

இன்னாசி திடுக்கிட்டு, "தட்டினீங்களா?" என்றான்.

"தட்டலை."

"பின்னே?"

"நின்னது எது, இன்னாசி?"

அவன் யோசித்து முடிப்பதற்குள் மதர் ஜெபத்துக்குப் போய்விட்டார்.

•

வெள்ளிக்கிழமை அவனுக்கு முற்றத்தில் இலை கூட்டும் வேலை. மதரும் ஒரு துடைப்பத்தோடு வந்து சேர்ந்துகொண்டார்.

"சலேத் உங்களுக்குத் தொழில்ல ஒத்தாசை பண்ணுவாளா?"

"அவ இல்லாம நான் ஏது மதர்?"

துடைப்பம் தானாக நின்றது.

"திருவிழாக் கொடி ஏறுறதுக்கு முந்தின நாளே ஸ்பீக்கர் குழாய் கட்டிடுவோம். நான் மேடையில நின்னு ஹலோ, ஹலோன்னு சோதிப்பேன். அவ தெருக்கோடியில, கோழிக்கடை முக்குல போய் நிப்பா. சரியாக் கேட்டா ஒரு கையைத் தூக்குவா. இரைச்சலா இருந்தா ரெண்டு கையும். தெரு முழுக்க சீரியல் லைட்டு ஓடும். வறுகடலை வண்டி, பலூன்காரன், புதுப் பாவாடை கட்டின பிள்ளைங்க, இத்தனையும் தாண்டி, அந்தக் கோடியில ஒரு கை. கண்ணாடி வளையல் ரெண்டு. அது மேல போச்சுன்னா எனக்குத் திருவிழா ஆரம்பிச்சிட்ட மாதிரி."

அவன் தன்னை அறியாமல் தன் கையைத் தூக்கியிருந்தான். பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான்.

"உங்க குரல் அவளுக்குக் கேட்டுச்சு," என்றார் மதர்.

"நல்லாக் கேட்டுச்சு."

"அவ குரல் உங்களுக்கு?"

மேலேயிருந்து ஓர் இலை விழுந்தது. இன்னாசி அதைக் கூட்டினான்.

"வீட்டில பேசிக்கிட்டேதான் இருப்பா மதர். நான் ஆம்ப்ளிஃபயரைக் கழட்டிப் போட்டுக்கிட்டு உம் கொட்டுவேன். 'நான் சொன்னது காதில விழுந்துச்சா'ன்னு கேப்பா. விழுந்துச்சும்பேன்."

"கேசட்டில தேடிப் பார்த்தீங்களா?"

"முன்னூத்திப் பதினாலு கேசட். எல்லாத்திலும் நான்தான் ஹலோ ஹலோ. ஒண்ணுல மட்டும் ஓரமா ஒரு இருமல். சலேத்துதான்னு நினைச்சு நாலு மாசம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அழுதேன்."

"அப்புறம்?"

"அது எங்க பங்குச்சாமியார் இருமல் மதர்."

மதர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னாசியும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"காதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா?" என்று கேட்டார் மதர்.

"மைக்குல நடக்கிறதுதான்."

"காத்து வந்து ஒரு தோலைத் தட்டுது. தோல் மூணு பொடி எலும்பைத் தட்டுது. எலும்பு, நத்தைக்கூடு மாதிரி ஒண்ணுக்குள்ள இருக்கிற தண்ணியைத் தட்டுது. அந்தத் தண்ணிக்குள்ள பொடிப்பொடியா மயிர், நாத்து நட்ட வயல் மாதிரி. அலை வந்தா சாயும். போனா நிமிரும்."

"பதியறது எங்கே?"

"அங்கே பதியறதில்லை. சேதியை மூளைக்கு அனுப்பிட்டு வயல் சும்மா நிக்கும்."

"அப்ப கேசட்டு?"

"கேசட்டு இல்லை இன்னாசி. புதுசு ஏறி அழியறதுக்கு அங்கே ஒண்ணுமே இல்லை."

அவன் துடைப்பத்தைக் கீழே போட்டான். ஐந்து வருஷம். கதவு கிறீச்சிடாமல் எண்ணெய் போட்ட ஐந்து வருஷம். பிள்ளையின் கொலுசில் முத்தைப் பிடுங்கிய ஐந்து வருஷம்.

"அப்ப அவ எங்கேதான் இருக்கா?" குரல் உயர்ந்துவிட்டது. "அதைச் சொல்லுங்க. அதுக்குத்தானே மலையேறி வந்தேன்!"

"அந்த மூலையில இலை கிடக்குது, பாருங்க," என்றார் மதர்.

•

சனிக்கிழமை காலையில் இன்னாசி பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தான்.

"போயிட்டு வரேன் மதர். ரெண்டு நாள் தங்கி இலை கூட்டினதுதான் மிச்சம்."

"முற்றம் சுத்தமாயிருக்கு. அது எனக்கு மிச்சம்."

"கிண்டலா இருக்கு உங்களுக்கு."

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கே. சாமான் அறையில அரிசி மூட்டை இருக்கு. அதுமேல உட்கார்ந்து, சுவர்ல காதை வைங்க."

"எதுக்கு?"

"சீடன் எதுக்குன்னு கேக்கலாம். பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் கேட்டா நேரம் போயிடும்."

முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். சுவர் குளிர்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் சமையல்கட்டு.

மதர் கதவருகில் நின்றார்.

"என்ன கேக்குது?"

"ரெண்டு பேர் பேசறாங்க."

"என்ன பேசறாங்க?"

"வார்த்தை பிடிபடலை. இவ்வளவு தடிமன் கல்லு, ட்ரெபிளை, அந்தக் கூர்மையான சத்தத்தை எல்லாம் தின்னுடுச்சு. பாஸ், அடிச்சத்தம் மட்டும்தான் வருது. மொழுக்குமொழுக்குன்னு."

"அப்ப ஒண்ணும் தெரியலை."

"யார் சொன்னா? ஒருத்தி குழையறா. ஒருத்தி பிடி கொடுக்கலை. இப்ப... குழையறவளே சிரிச்சிட்டா."

"வார்த்தை இல்லாம எப்படித் தெரிஞ்சுது?"

"ராகம் இருக்கே மதர். அதைச் சுவரால தின்ன முடியாது."

இன்னாசிக்கு இதில் கொஞ்சம் ருசி தட்டியிருந்தது. மற்றொரு காதைப் பொத்திக்கொண்டு நன்றாக அழுத்திக்கொண்டான்.

பிடி கொடுக்காதவள் பேசத் தொடங்கினாள்.

தாழ்வாகத்தான் தொடங்கியது. நடுவில் ஒரு மேடு ஏறியது. ஏறின வேகத்தில் இறங்காமல் அங்கேயே கொஞ்சம் நின்றது. கடைசி அசையை இழுத்து, கேள்வியா கட்டளையா என்று தெரியாதபடி தொங்கவிட்டது.

இன்னாசியின் கை மூட்டையின் சாக்கை இறுகப் பிடித்தது.

மறுபடியும் அதே மேடு. அதே நிறுத்தம். அதே தொங்கல்.

மூடின கண்ணுக்குள் மூக்குத்தி மின்னியது. வாய் அசைந்தது. அசைந்த வாயில் சத்தம் வந்து உட்கார்ந்தது. இந்த ஒயரை ஓரமாப் போட்டா என்னவாம். சோறு ஆறுது, வரீங்களா இல்லையா. அந்த நீலச் சட்டையை நாளைக்குப் போடுங்க, நாளன்னிக்கு வேண்டாம். ஏங்க, தூங்கிட்டீங்களா. நான் சொன்னது காதில விழுந்துச்சா.

"மதர்..."

"என்ன கேக்குது?"

"சலேத் மதர். சமையல்கட்டுல சலேத்து நிக்கிறா!"

மதர் வழிவிட்டார். இன்னாசி செருப்பை மறந்து ஓடினான். முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, கூட்டி வைத்த இலைக்குவியலை மிதித்துக்கொண்டு ஓடினான்.

சமையல்கட்டு வாசலில் நின்றான்.

லூர்து அகப்பையும் கையுமாக நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு, அமலி கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"...உப்பை ஒரேயடியா அள்ளிப் போட்டா அப்புறம் எடுக்கவா முடியும்? நான் சொன்னேன், கேட்டீங்களா நீங்க?"

"ஆத்தாடி, என் மாமியாரு தேவலை," என்றாள் லூர்து. "பாருங்க அண்ணே, உங்க மக ரெண்டு நாளா என்னை உண்டு இல்லைன்னு ஆக்குறா."

அமலி திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள்.

வாய் டக்கென்று மூடிக்கொண்டது. அதன்மேல் இரண்டு கையும் ஏறிக்கொண்டன.

சமையல்கட்டில் பருப்பு கொதிக்கிற சத்தம் மட்டும் இருந்தது.

இன்னாசி பின்னால் வந்த மதரைத் திரும்பிப் பார்த்தான்.

"இவளுக்கு எப்படி வந்துச்சு மதர்? அவ போகும்போது இதுக்கு மூணு வயசு. அம்மா முகமே இதுக்கு ஞாபகம் கிடையாது. போட்டோவைக் காட்டினா யாருன்னு கேக்கும்."

"சலேத் இவளை எத்தனை மாசம் சுமந்தா?"

"ஒம்பது."

"அந்த வயித்துச் சுவர் இந்தக் கல்லைவிட மெலிசு, இன்னாசி."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அடுப்புச் சாம்பல் வேட்டியில் ஒட்டியது. முக்காலியில் இருந்த பிள்ளையின் முகம் இப்போது அவன் முகத்துக்கு நேராக இருந்தது. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட முகம். கண் இரண்டும் நிறைந்து நின்றன.

"பேசு தாயி," என்றான்.

அமலி தலையாட்டினாள், மாட்டேன் என்று.

"திட்ட மாட்டேன். அப்பாதான் சொல்றேன். இனிமே பேசு. நாள் பூரா பேசு. என்னையும் இப்படித் திட்டு."

கீழே வளைவில் பஸ் திரும்புகிற ஹாரன் கேட்டது. லூர்து அடுப்பிலிருந்து பருப்பை இறக்கினாள்.

அமலி ஒரு கையை எடுத்தாள். மற்றதை எடுக்கவில்லை. விரல்களுக்கு இடையிலிருந்து, தாழ்வாகத் தொடங்கி, மெதுவாக மேடு ஏறிக் கேட்டாள்.

"எந்த வீட்டிலப்பா?"

"நம்ம வீட்டில," என்றான் இன்னாசி.