வரிசையில் படித்த உடும்பு

மருதங்காட்டின் நடுவில் ஒரு குளம். அந்தக் குளக்கரையில் ஒரு வைத்தியக் கல்லூரி. அங்கே படித்த விலங்குகளிலேயே விழுந்து விழுந்து படித்தது ஓர் உடும்பு. பேர் ஏகாம்பரம். போன வருஷத் தேர்வில் கோட்டை விட்டதும் அதே ஏகாம்பரம்தான்!

கல்லூரி என்றதும் கட்டடம், மணி, மேசை என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். குளக்கரையை ஒட்டி மூலிகைச் செடிகளை நீளமாக ஒரே வரிசையில் நட்டிருந்தார்கள். முதலில் பிரண்டை, அதற்கடுத்து தூதுவளை, அப்புறம் குப்பைமேனி, அப்புறம் ஆடாதோடை என்று அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். அதுதான் கல்லூரி. வாத்தியார் கரியமாணிக்கம் என்ற கரடி. அவர் முன்னால் நடப்பார், மாணவர்கள் பின்னால் நடப்பார்கள். ஒவ்வொரு செடியருகிலும் நின்று பேரும் குணமும் சொல்லுவார்.

பாடம் முடிந்ததும் மாணவர்கள் தாங்களாகவே வரிசையோரம் நடந்து, சொன்னதையெல்லாம் பாட்டாகப் பாடிப் பார்ப்பார்கள். இதற்கு 'வரிசை நடை' என்று பேர். யார் அதிகமாக நடக்கிறார்களோ அவர்தான் பெரிய படிப்பாளி என்பது காட்டில் எல்லாருடைய நினைப்பு. வரிசை நடையில் மயில் வண்ணமுத்துவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, ராகம் போட்டு, ஓர் இடத்தில்கூட நிற்காமல் பாடி முடிக்கும்.

தேர்வு மட்டும் எதிர்க்கரைப் பாறையில் நடக்கும். கரடி வாத்தியார் கூடைக்குள் கையை விட்டு, அகப்பட்ட இலையை எடுத்து நீட்டுவார். "இது என்ன? எதுக்கு ஆகும்?" அவ்வளவுதான் கேள்வி. போன வருஷம் அந்தப் பாறையில் நின்றபோது ஏகாம்பரத்துக்கு வாயே திறக்கவில்லை. எல்லா இலையும் பச்சையாக இருந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

"பயம்! பயத்திலேதான் எல்லாம் மறந்துபோச்சு! தெரியாமலா போகும்?" என்று அது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

அதனால் இந்த வருஷம் என்ன செய்தது தெரியுமா? போன வருஷம் நடந்ததைவிட இன்னும் அதிகமாக நடந்தது! விடிந்தால் வரிசை, பொழுது சாய்ந்தால் வரிசை. பிடித்தால் உடும்புப் பிடி அல்லவா! போதாததற்கு, ஞாபகசக்தி வரும் என்று வல்லாரையை வாய் நிறைய அடைத்துக்கொண்டது. அது மட்டுமா? தேர்வு நெருங்க நெருங்க மொத்த வகுப்பும் வல்லாரையைத்தான் மேய்ந்தது. கடைசியில் வரிசையில் அந்த இடம் மொட்டையாகிவிட்டது. அந்த மொட்டை இடத்தில் நின்றுகூட எல்லாரும் "வல்லாரை! வல்லாரை!" என்று பாடிவிட்டுப் போனார்கள் என்றால் பாருங்களேன்!

ஏகாம்பரம் இப்படி உயிரைக் கொடுத்துப் படித்ததற்குக் காரணம் இருந்தது. அதன் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாறைச்சரிவில். உடும்புகளும் முள்ளெலிகளும் ஆமைகளுமாக வாழும் இடம். அங்கே வைத்தியம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. யாருக்கு என்ன வந்தாலும் ஆற்றைக் கடந்து கரடி வாத்தியாரிடம்தான் வரவேண்டும். மழைக்காலத்தில் ஆறு விடுமா? போன மழைக்கு ஏகாம்பரத்தின் தங்கை இருமி இருமிப் பாதி உடம்பாகிவிட்டாள். ஆறு வடிகிற வரை எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மழைக்குள் வைத்தியனாகி ஊருக்குத் திரும்பவேண்டும் என்று ஏகாம்பரம் அப்போதே முடிவு செய்துவிட்டது. ஆனால் அந்தக் கல்லூரியில் ஒரு கண்டிப்பு உண்டு. இரண்டு தடவை தவறினால் அப்புறம் இடம் கிடையாது.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஏகாம்பரம் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஓர் இலை கிள்ளி வந்தது. தன் பொந்துக்கு முன்னால் இருந்த பலகைக்கல்லில், வரிசையில் இருந்த மாதிரியே அவற்றை அடுக்கி வைத்தது. உட்கார்ந்த இடத்திலேயே படிக்கலாமே! ஒருமுறை பாடிப் பார்த்தது. தண்ணீர் பட்ட பாடாக வந்தது. அதற்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று.

அப்போது பார்த்து மேலே மரத்தில் சடையாண்டி என்ற குரங்கு வந்து தொங்கியது. சடையாண்டி எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை; ஆனால் காடெல்லாம் மேய்ந்து திரிந்ததில் எந்த இலை எது என்பது அதற்கு அத்துப்படி. படிப்பவர்களைச் சீண்டுவதுதான் அதற்கு முழுநேர வேலை.

"என்ன மாப்ளே, இலையெல்லாம் பரப்பி விருந்தா?" என்று கேட்டது சடையாண்டி.

"போடா அந்தப் பக்கம்! தேர்வுக்குப் படிக்கிறேன். தொட்டே, வாலைக் கடிச்சிடுவேன்!"

இப்படிச் சொன்னால் குரங்கு தொடாமல் இருக்குமா? தொப்பென்று குதித்தது. இரண்டு கையாலும் இலைகளை அள்ளியது. கலக்கிக் குலுக்கி மேலே வீசி எறிந்துவிட்டு மறுபடி மரத்தில் ஏறிக்கொண்டது.

"அட பாவி! நீ நல்லா இருப்பியா?" என்று ஏகாம்பரம் கத்தியது. ஆத்திரத்தில் வாலால் தரையை ஓங்கி அடித்தது. பிறகு, முணுமுணுத்துக்கொண்டே இலைகளைப் பொறுக்கி மறுபடி அடுக்க உட்கார்ந்தது.

முதலில் பிரண்டை. அது தண்டும் கணுவுமாக இருக்கும், தெரிந்தது. தூதுவளையில் முள் இருந்தது, அதுவும் தெரிந்தது. அடுத்து குப்பைமேனி... எது குப்பைமேனி? ஏகாம்பரம் ஓர் இலையை எடுத்தது, வைத்தது. இன்னொன்றை எடுத்தது, முகர்ந்தது, வைத்தது. வாயில் பேர் இருக்கிறது, கையில் இலை இருக்கிறது. இரண்டும் ஒன்றுசேரவில்லை!

"என்னடா, மரம் மாதிரி உட்கார்ந்துட்டே? அடுக்கு!" என்றது சடையாண்டி.

"தெரியலைடா."

"எது தெரியலை?"

"எதுவுமே தெரியலைடா! இத்தனை நாள் நடந்தேனே, ஒண்ணுமே தெரியலை! எறும்புப் புற்றுக்குப் பக்கத்திலே இருந்தா குப்பைமேனி, வளைஞ்ச கல்லுக்குப் பக்கத்திலே இருந்தா ஆடாதோடை. புற்றையும் கல்லையும்தான்டா படிச்சிருக்கேன்!" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் விசும்பி விசும்பி அழுதது. தங்கையின் இருமல் காதுக்குள் கேட்டது.

போன வருஷம் வாயை அடைத்தது பயமில்லை என்று அதற்கு அப்போதுதான் புரிந்தது. தெரிந்த மாதிரி இருந்தது, தெரியவே இல்லை. எத்தனை அவமானம்!

சடையாண்டிக்குச் சங்கடமாகிவிட்டது. சீண்டினால் திட்டு விழும் என்றுதான் அது எதிர்பார்த்திருந்தது. அழுகையை எதிர்பார்க்கவில்லை. மெதுவாகக் கீழே இறங்கி வந்து தலையைச் சொறிந்தது.

"சரி சரி, மூக்கைச் சிந்து. இப்ப நான் என்ன செய்யணும்? மறுபடி அடுக்கித் தரவா?"

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கொஞ்சம் யோசித்தது.

"அடுக்காதே! இன்னொரு தடவை கலை!" என்றது.

"என்னது?"

"கலைடா! கலைச்சுட்டு ஒண்ணு ஒண்ணா எடுத்து நீட்டு. நான் பேர் சொல்றேன். தெரியலைன்னா தெரிஞ்ச மாதிரி நடிக்க மாட்டேன். நேரா போய்ச் செடியைப் பார்த்துட்டு வந்து திருத்திக்குவேன்."

"தப்பாச் சொன்னா?"

"தலையிலே ஒரு குட்டு வை!"

குட்டு என்றதும் குரங்குக்கு முகமெல்லாம் பல்! "மாப்ளே, இதுக்குத்தான்டா நான் பிறந்திருக்கேன்!" என்று துள்ளியது.

அன்றைக்கு ஏகாம்பரத்தின் தலை வீங்காத குறைதான். ஆடாதோடையை நொச்சி என்றது, குட்டு! நொச்சியைத் துத்தி என்றது, குட்டு! ஒவ்வொரு தப்புக்கும் எழுந்து குளக்கரைக்கு ஓடி, செடியைப் பார்த்து, இலையைத் தடவி, முகர்ந்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. வழியில் வரிசை நடை போய்க்கொண்டிருந்த மயில் வண்ணமுத்து அதைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன ஏகாம்பரம், தேர்வு நேரத்திலே குரங்கோட விளையாட்டா? நான் இன்னைக்கு மட்டும் எத்தனை நடை போயாச்சு தெரியுமா?"

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே வண்ணமுத்துவின் பாட்டு தங்குதடையில்லாமல் ஓடியது. தான் பாதி இலைக்கு முழி முழி என்று முழித்துக்கொண்டிருந்தது. பேசாமல் பழையபடி நடக்கப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம் பாறையும் கூடையும் ஞாபகம் வந்தன. மறுபடி சடையாண்டியிடம் ஓடியது.

மறுநாள் இன்னொரு வேடிக்கை. முதல் நாள் சரியாகச் சொன்னதில் பாதியைக் காணோம்!

"நேத்து சொன்னியே, இன்னைக்கு எங்கே போச்சு?" என்று கேட்டுச் சந்தோஷமாகக் குட்டியது சடையாண்டி.

"போகட்டும், இழுத்துட்டு வரேன்!" என்றது ஏகாம்பரம். உடனே ஓடிப்போய்ச் செடியைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, வராத பேரை முக்கி முனகி வரவழைத்தது. அப்படி வரவழைத்த பேர் அப்புறம் லேசில் போகவில்லை. சரியாக வந்த இலைகளை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்தார்கள். தப்பாக வந்த இலைகளைத் தினமும் எடுத்தார்கள். சடையாண்டி சும்மா இருக்குமா? இலையைக் கிழித்துப் பாதியாக நீட்டியது, கவிழ்த்து நீட்டியது, வாடவிட்டு நீட்டியது. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் பழகியது.

நாளாக ஆக, குட்டுவதற்கு வழியில்லாமல் குரங்கின் கை நமநமத்தது. "படிச்சுப் படிச்சுப் பிழைப்பைக் கெடுத்துட்டியேடா!" என்று அலுத்துக்கொண்டது.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஏகாம்பரம் ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தது. பிறகு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பொந்துக்குள் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. வண்ணமுத்துவோ கண்ணை மூடவே இல்லையாம். நடந்தே விடிய வைத்தது.

பாறையில் கூட்டம் கூடியது. முதல் ஆளாக வண்ணமுத்து தோகையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போயிற்று. கரடி வாத்தியார் கூடைக்குள்ளிருந்து ஓர் இலையை எடுத்து நீட்டினார்.

"இது என்ன?"

வண்ணமுத்து இலையைப் பார்த்தது. வாத்தியாரைப் பார்த்தது. கொட்டாவி வேறு வந்தது.

"ஐயா, இதுக்கு முந்தின செடி எதுன்னு மட்டும் சொல்லிடுங்க. மிச்சத்தைக் கடகடன்னு சொல்லிடறேன்!"

"காய்ச்சலோட ஒருத்தன் உன் வாசல்லே வந்து நின்னா, அவன் முந்தின செடியையும் பிடுங்கிட்டு வருவானாப்பா?" என்று கேட்டார் கரடி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாவம், வண்ணமுத்து தலையைத் தொங்கப்போட்டது.

"கவலைப்படாதே, உனக்கு அடுத்த வருஷம் இருக்கு," என்று அதைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார் வாத்தியார்.

ஏகாம்பரத்துக்கு அடுத்த வருஷம் இல்லை. அது முன்னால் வந்து நின்றது. இந்தத் தடவையும் பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் இலையைக் கண்டதும் பேர் தானாக வந்து நின்றது.

"நொச்சி, ஐயா. தலை பாரத்துக்கு ஆவி பிடிக்கலாம்... இது குப்பைமேனி. சொறி சிரங்குக்கு அரைச்சுப் பூசலாம்... இது வாடிப்போன துத்தி..."

வாத்தியார் புருவத்தை உயர்த்தினார். கடைசியாக இரண்டு இலைகளைச் சேர்த்து எடுத்தார். இரண்டும் ஓரம் வளைந்து நெளிந்து, பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

"ஒண்ணு சுண்டை, குழம்புக்கு ஆகும். இன்னொண்ணு ஊமத்தை, ஆளைக் கொல்லும். எது எது? நிதானமாச் சொல்லு!"

ஏகாம்பரம் அவசரப்படவில்லை. இந்த இரண்டுக்கும்தான் அது அதிகமாகக் குட்டு வாங்கியிருந்தது. ஓர் இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தது. பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. இன்னொன்றைக் கசக்கி முகர்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டது.

"இது சுண்டை, ஐயா. அது ஊமத்தை. நாம ரெண்டு பேரும் முதல்லே கையைக் கழுவிட்டு வந்துடுவோம், வாங்க!"

கரடி வாத்தியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "வைத்தியன்டா நீ! போ, ஊருக்குப் போ! உன்னை நம்பி அனுப்பறேன்!"

சடையாண்டி மரத்தில் குட்டிக்கரணம் போட்டது. தான் படிக்காமலே தேர்வில் ஜெயித்த மாதிரி அதற்கு ஒரே கும்மாளம்.

அந்த வருஷமும் மழை வந்தது. ஆறு இரு கரையும் புரண்டது. பாறைச்சரிவில் ஒரு முள்ளெலி தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏகாம்பரத்திடம் ஓடி வந்தது. குட்டிக்கு மூச்சுவிட முடியாத இருமல்.

"தம்பி, ஆத்தைத் தாண்ட முடியலையேப்பா! இங்கே நமக்கு ஏது மருந்து?"

"பதறாதேக்கா. இதோ வரேன்," என்றது ஏகாம்பரம்.

அங்கே வரிசையும் இல்லை, புற்றும் இல்லை, வாத்தியாரும் இல்லை. கொட்டுகிற மழையில் புதர்கள் எல்லாம் ஒரே பச்சையாகக் கிடந்தன. ஏகாம்பரம் சரிவில் இறங்கி, புதரை விலக்கி, நேராகக் கையை நீட்டி, இருமலுக்கு ஆகும் ஆடாதோடையைப் பறித்தது. கஷாயம் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் குட்டி தாயின் மடியில் நிம்மதியாகத் தூங்கிற்று. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்துப் பார்த்துப் பழகியதெல்லாம் படிப்பாகிவிடாது. மூடி வைத்து, கலைத்துக் கேட்டு, தப்பாகச் சொல்லித் திருத்திக்கொண்டதுதான் தேர்விலும் கைகொடுக்கும், வாழ்க்கையிலும் கைகொடுக்கும்.