பாதி மலை நம்ம பொண்ணு

ஒரு ஊர்ல ஒரு மலை. மலைன்னா சும்மா கரடு இல்லை கண்ணு, உச்சியை அண்ணாந்து பார்த்தா கழுத்து சுளுக்கிக்கும், அப்படி மலை. அந்த மலைக்கு ஒரு குட்டி ரயில். எல்லா ரயிலுக்கும் எஞ்சின் முன்னாடி நின்னு இழுக்கும். இதுக்கு மட்டும் பின்னாடி நின்னு தள்ளும். பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அடம் பிடிக்கிற உன்னை உங்கம்மா தள்ளிக்கிட்டுப் போறாளே, அதே மாதிரி. சிரிக்காதே. நீ "ம்" சொன்னாத்தான் இந்த ரயில் ஏறும், சொல்லலைன்னா நின்னுரும். எங்க, சொல்லு.

"ம்."

ஆங். குப்... குப்... குப்... கிளம்பியாச்சு.

அந்த ரயில்ல அன்னைக்கு ஒரு கல்யாணக் கூட்டம். கல்யாணப் பொண்ணு பேரு மயிலாத்தா. அடிவாரத்துல ஆடு மேய்ச்சு வளர்ந்தவ. மாப்பிள்ளை மலை உச்சியில இருக்கிற ஊரு, கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுற குடும்பம். பொண்ணு பார்க்க வந்தப்போ அவன் வேற ஒண்ணும் பேசலை. எங்க ஊர்ல காலையில கதவைத் திறந்தா மேகம் வாசல்ல வந்து நிக்கும்னு மட்டும் சொன்னான். அவ்வளவுதான், கட்டினா இவனைத்தான் கட்டுவேன்னுட்டா. மேகத்துக்காகச் சொன்னாளா மாப்பிள்ளைக்காகச் சொன்னாளான்னு என்னைக் கேக்காதே, எனக்கும் தெரியாது.

அப்புறம், பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போக மாமியா நாச்சம்மாவே கீழ இறங்கி வந்தா. அந்தம்மா நடந்து வந்தா தெருநாய்கூட வாலைச் சுருட்டிக்கும். வந்ததும் எல்லார் முன்னாடியும் ஒரே பேச்சு. "எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு குனிஞ்ச தலை நிமிராம வரணும். ஜன்னல்ல எட்டிப் பார்த்தான்னு தெரிஞ்சா, இதே ரயில்ல திருப்பி அனுப்பிருவேன்."

பாவம் மயிலாத்தா. பொறந்ததுலேர்ந்து கீழ நின்னு பார்த்த மலை. இப்போ அது மேலயே ஏறிப் போறா, ஆனா பார்க்கக் கூடாதாம். பந்தியில உக்கார வெச்சு வாயைக் கட்டின கதைதான் போ. சுத்தி இருக்கிறவங்கெல்லாம் அதோ பாலம், அதோ மானுன்னு கத்துறாங்க, இவ தன் கால் விரலையே பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்கா. கேக்குதா?

"ம்."

அந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதி மலை வரைக்கும் பொண்ணு தன் சனத்தோட ஒரு பெட்டியில வருவா. பாதி மலையில எஞ்சின் தண்ணி குடிக்க நிக்கும். அங்க இறங்கி, மாப்பிள்ளை வீட்டார் இருக்கிற பெட்டிக்கு மாறிக்கணும். பாதி மலை நம்ம பொண்ணு, மீதி மலை அவங்க பொண்ணு. கூட யாரும் போகக் கூடாது, அனுப்பினவங்க எட்டிப் பார்க்கவும் கூடாது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல வழியும் கிடையாது.

அப்போ ரயில் நின்னுச்சு. புஸ்ஸ்ஸ்ஸ். அம்மா அழுது, சித்தி அழுது, எல்லாரும் மூக்கைச் சிந்தி இவளை இறக்கி விட்டாங்க. இறங்கினாளா? நாலு எட்டு நடந்தா அந்தப் பெட்டி. அப்போ இவளுக்கு ஒண்ணு தோணுச்சு. இந்த நாலு எட்டுக்கு நான் அவங்க பொண்ணும் இல்லை, இவங்க பொண்ணும் இல்லையே. டக்குனு தலையை நிமிர்த்திட்டா.

சோஓஓஓன்னு ஒரு அருவி. அண்டாவைக் கவுத்த மாதிரி பால் பாலாக் கொட்டுது. மயிலாத்தாவுக்கு வாய் மூடலை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துட்டு வந்துரலாம்னு போனா. சாரல் மூஞ்சியில சிலுசிலுன்னு அடிக்குது, சிரிச்சுக்கிட்டே நிக்கிறா. பின்னாடி கூஊஊஊ. குப் குப் குப் குப். திரும்பிப் பார்த்தா, எஞ்சினோட முதுகுதான் தெரியுது.

இவ சனம், பொண்ணு அந்தப் பெட்டிக்குப் போயிட்டான்னு நினைச்சுக்கிச்சு. அந்தச் சனம், பொண்ணு அம்மாவை விட்டு வர மனசில்லாம அங்கயே இருக்கான்னு நினைச்சுக்கிச்சு. ரயில் போயே போச்சு. மேல ஸ்டேஷன்ல மேளக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. பொண்ணு இல்லாம ரயில் போய் நின்னா என்ன ஆகும்? மேகமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. மயிலாத்தாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. நீ அழாதே, அவளே அழலை.

ஏன்னா அப்போ, கூஊஊன்னு சத்தம் அவ தலைக்கு நேர் மேல கேட்டுச்சு. அட, இது மலையைச் சுத்திச் சுத்தியில்ல போகுது, நாம நேரா ஏறினா? ஆடு மேய்ச்ச காலு, சும்மா இருக்குமா? சேலையைத் தூக்கிச் செருகினா. விடு ஓட்டம். தப தப தப தப.

முதல்ல குரங்குங்க. கீச் கீச் கீச்னு வழியை மறிச்சு ஒரு கூட்டமே உக்கார்ந்திருக்கு. பெரிய கடுவன் ஒண்ணு பல்லைக் காட்டி உர்ருங்குது. இவ தலையில முழம் முழமா மல்லிகை, அதுக்குக் கண்ணு அது மேல. கல்யாணப் பூவை எப்படிக் குடுக்கிறதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சா. பூ போனா வாங்கிக்கலாம், ரயில் போனா வாங்க முடியுமா? பிச்சு வீசினா. குரங்கெல்லாம் பூவை நோக்கிப் பாயுது, இவ நடுவுல பூந்து ஓடுறா. தண்டவாளத்துக்கிட்ட வந்தா... தடக் தடக் தடக். எஞ்சின் முதுகு போயிருச்சு.

"ம்?"

இல்லை, ரயிலைப் பிடிக்க முடியலை. கேளு. மறுபடி ஏறினா. தப தப தப தப. ரெண்டாவதா ஆனை. தாயும் குட்டியும் வழி மேலயே நிக்குது. இவ நின்ன வேகத்துல கைநிறைய இருந்த கண்ணாடி வளையல் கலகலன்னுச்சு. தாய் ஆனை காதை விரிச்சுது. மயிலாத்தா ரெண்டு கையையும் மார்போட இறுக்கி வெச்சு, மூச்சைக்கூட விடாம நின்னா. நீயும் விடாதே. ஆனை கிட்ட வந்து தும்பிக்கையால இவ தலையை, தோளை மோந்து பார்த்துச்சு. புஸ்ஸு, புஸ்ஸு. அப்புறம் என்ன நினைச்சுதோ, குட்டியைத் தள்ளிக்கிட்டுப் புதருக்குள்ள போயிருச்சு. இப்போ மூச்சு விடு. ஓடினா ஓடினா, தண்டவாளத்துக்கு வந்தா... தடக் தடக் தடக். மறுபடி முதுகு.

இன்னும் ஒரே ஏத்தம். தப தப தப தப. ஏறி முடிச்சா, எதிர்ல ஏரி. அந்தக் கரை எங்கயோ தூரத்துல பொட்டாட்டம் தெரியுது. ரயில் கரையோரமாச் சுத்தி வருது. அந்தப் பக்கம் ஸ்டேஷன், மேளச் சத்தம்கூட லேசாக் கேக்குது. பரிசல்ல ஒருத்தர் முட்டைக்கோசு ஏத்திக்கிட்டு இருந்தார். அண்ணா, என்னை அக்கரையில விடுங்கன்னு கெஞ்சினா. கோலத்தைப் பார்த்தே அவருக்குப் புரிஞ்சு போச்சு. பாதிக் கோசைக் கரையில தள்ளிட்டு ஏத்திக்கிட்டார். அவரு ஒரு துடுப்பு, இவ ஒரு துடுப்பு. சளக், சளக்.

நடு ஏரிக்கு வந்தா, காத்து நின்னு தண்ணி கண்ணாடி ஆயிருச்சு. அதுல மலை முழுசும் தலைகீழா நிக்குது சாமி. மேகம் கீழ, மரம் கீழ, அந்தக் குட்டி ரயிலும் தலைகீழாப் புகை விட்டுக்கிட்டு ஊர்ந்து போகுது. மயிலாத்தாவுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. இதைப் பார்த்தாச்சு, இனி திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும்னு ஒரு கணம் மனசு சொல்லுச்சு. துடுப்பை விட்டுட்டா. பரிசல் கிர்ர்ர்ருன்னு சுத்துது. அவரு, "அம்மிணி, கல்யாணம் உனக்கா எனக்கா"ன்னார். அப்புறம்தான் நினைப்பு வந்துச்சு. சளக் சளக் சளக் சளக்.

கரை ஏறினப்போ ரயில் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கம் சனம் இறங்கி, டும் டும் டும், ஒரே சத்தம். இவ யாரும் இல்லாத பக்கமாப் போய், மாப்பிள்ளை வீட்டார் பெட்டிக் கதவைத் திறந்து உள்ள ஏறினா. ஒண்ணும் தெரியாத மாதிரி அந்த வழியா இறங்கிரலாம்னு நினைப்பு.

பெட்டி காலி. ஜன்னலோரமா நாச்சம்மா மட்டும் தனியா உக்கார்ந்திருக்கா.

மயிலாத்தாவுக்கு உசுரே இல்லை. தலையில பூ இல்லை, சேலையெல்லாம் சேறு, கால்ல முள்ளுக் கீறல். என்ன சொல்லித் தப்பிக்கிறது? குனிஞ்சு நின்னுட்டா. தூங்கிட்டியா?

"ம்ஹும்."

நாச்சம்மா எந்திரிச்சு வந்தா. முந்தானையை எடுத்து இவ மூஞ்சியைத் துடைச்சா. நீ வரலையேன்னு எட்டிப் பார்த்தேன், ரயில் கிளம்புறப்போ அருவிகிட்ட நின்னே, சொன்னா ஊர் வாயை மூட முடியாதுன்னு யார்கிட்டயும் சொல்லலை, அப்படின்னா. ஆனா மனசு கேக்கலை, வழியெல்லாம் ஜன்னல்ல தலையை நீட்டி உன்னைத் தேடிக்கிட்டே வந்தேன்னா. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆனை முன்னாடி நீ நின்னப்போ கும்பிடாத சாமி இல்லைன்னா.

அப்புறம் குரலை இறக்கி, இவ காதுகிட்ட வந்து கேட்டா. "ஏரியில மலை தலைகீழா நின்னுச்சே அம்மிணி, பார்த்தியா?"

"பார்த்தேன் அத்தை."

"நானும் கல்யாணப் பொண்ணா இதே ரயில்லதான் வந்தேன். எங்க மாமியா நிமிராதேன்னாங்க. எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன், நிமிர்ந்ததே இல்லை. இன்னைக்கு உன்னைத் தேடப் போய்த்தான் பார்த்தேன். இவ்வளவும் இத்தனை நாளா இங்கயேவா இருந்துச்சு?"

சொல்லும்போதே நாச்சம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. மயிலாத்தாவுக்கும்தான். அப்போ வெளிய, பொண்ணு எங்க, பொண்ணு எங்கன்னு கூப்பிடுறாங்க. இவ பழக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் படிக்கட்டுக்குப் போனா. நாச்சம்மா இவ தாடையைப் பிடிச்சுத் தூக்கினா.

"நிமிர்ந்து இறங்கு," அப்படின்னா.

டும் டும் டும் டும். இறங்கினா. வாசல்ல மேகம் நின்னுச்சு, மேகத்துக்குள்ள மாப்பிள்ளை நின்னான்.

"ம்" சத்தத்தையே காணோமே. ரயிலும் மலை ஏறியாச்சு, கதையும் மலை ஏறியாச்சு. எஞ்சினுக்குத் தூக்கம், உனக்கும் தூக்கம். கண்ணை மூடு சாமி.