மாடு தம்பிக்கு, கயிறு அண்ணனுக்கு

ஒரு ஊர்ல ஒரு கயிறு இருந்துச்சு. ராஜா இல்ல கண்ணு, கயிறு. ராஜா கதையெல்லாம் உங்கம்மாவைப் பெத்த தாத்தன் சொல்லுவாரு, அவருக்குத்தான் அரண்மனைப் பழக்கம். உங்கப்பனைப் பெத்த இந்த அப்பாருக்குத் தெரிஞ்சது மாடும் விறகும்தான். காலை நீட்டிப் படு. ம் சொல்லிக்கிட்டே வரணும், இல்லாட்டி பாதியில நிறுத்திருவேன்.

"ம்."

ஆங், அப்படி. அந்தக் கயிறு ஒரு பசுமாட்டுக் கழுத்துல இருந்துச்சு. சாம்பல் நெறத்து மாடு, மயிலைன்னு பேரு. அந்த மாடு ஒரு தோட்டத்துல இருந்துச்சு. தோட்டத்துல ஒரு வீடு, மாடு கட்ட ஒரு கட்டுத்தரை, சுத்தியும் வேல மரக் காடு. மாடு அந்தக் காட்டுல மேயும். வீட்டு ஆளுக அதே காட்டுல விறகு வெட்டுவாங்க. பால் பாதி விறகு பாதின்னு பொழப்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அந்த வீட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அண்ணன் பேரு காரியப்பன். தம்பி பேரு செல்லாண்டி. அப்பன் இருந்த வரைக்கும் ஒரே வட்டில்ல கை வெச்சுச் சாப்பிட்டாங்க. அப்பன் போனதுக்கப்புறம், எவன் பெரிய உருண்டை எடுக்கறான்னு ஒருத்தன் கையை ஒருத்தன் பார்க்க ஆரம்பிச்சான்.

அப்போ தாய்மாமன் பாகம் பிரிக்க வந்தாரு. கோழிக் குழம்பு தின்னாரு, "ஏவ்"னு ஏப்பம் விட்டாரு, அப்புறம் நியாயம் சொன்னாரு. காட்டுக்கு நடுவுல முள்ளுவேலி. வீட்டுக்கு நடுவுல மண்சுவரு. மிச்சம் நின்னது மாடும் கோடாலியும். "பெரியவனே, நீ மொதல்ல எடுத்துக்கடா"ன்னாரு.

காரியப்பன் மயிலையைப் பார்த்தான். பால் வத்தி, வெலா எலும்பு தெரிய நின்னுச்சு. கோடாலியைப் பார்த்தான். பளபளன்னு இருந்துச்சு. "கோடாலி எனக்கு"ன்னான்.

தம்பி மாட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பொறப்பட்டான்.

"டேய், நில்லு."

"என்னங்கண்ணா?"

"மாடுதான் உன்னுது. கயிறை அவுத்து வெச்சுட்டுப் போ."

ஏன் அப்படிச் சொன்னான், கேளு.

"ஏன் அப்பாரு?"

நம்ம பக்கத்து முறை அது. மாடு வீட்டை விட்டுப் போனா, கயிறு கூடப் போகக்கூடாது. சந்தையில வித்தாலும் மாட்டைக் குடுத்துட்டு கயிறை அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வந்துருவோம். வாங்கறவன்தான் புதுக் கயிறு கொண்டாரணும். மாடு போனாப் போகுது, கட்டுத்தரை லட்சுமி போயிரக்கூடாது பாரு. அவ கயித்துலதான் இருக்கறா. சிரிக்காதே. இதுல சிரிக்க ஒண்ணுமில்ல.

மாமனும் "முறைதான்டா"ன்னுட்டாரு. தம்பி இடுப்புத் துண்டை உருவி மாட்டுக் கழுத்துல போட்டு இட்டுக்கிட்டுப் போனான். அப்புறம் கத்தாழை நாரை உரிச்சு, சர்ரக்கு சர்ரக்குன்னு தொடையில திரிச்சு, சொந்தமா ஒரு கயிறு பண்ணிக்கிட்டான்.

காரியப்பன் அந்தப் பழைய கயிறைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, நடுவீட்டுச் சுவத்து முளையில மாட்டுனான். வெள்ளிக்கெழமை தவறாம சாம்பிராணி. அவன் பொண்டாட்டி பாவாயி அதைப் பார்த்துட்டுச் சொன்னா, "என் கழுத்துக் கயித்துக்குக் கூட இத்தனை மரியாதை இல்லீங்க."

"ம்."

அப்புறம் என்னாச்சு, அந்த எலும்பு மாடு சினையா இருந்திருக்கு! மாமனுக்குத் தெரியல, அண்ணனுக்குத் தெரியல. மாட்டைத் தடவித் தீனி போட்டவன் தம்பி, அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல. பார்த்தியா, எப்பேர்ப்பட்ட அமுக்கன்? எல்லா வீட்லயும் தம்பின்னு ஒருத்தன் இப்படித்தான் வந்து பொறக்கறான். நான் யாரையும் குறிச்சுச் சொல்லல, நீ நாளைக்கு உன் சின்னத் தாத்தன் வீட்டுக்குப் போய் ஒப்பிச்சுக்கிட்டு இருக்காதே.

மயிலை கன்னு போட்டுச்சு. அன்னியிலிருந்து விடிஞ்சா மண்சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம். சர்ர்... சர்ர்... சர்ர்... செம்புல பால் விழுகற சத்தம்.

காரியப்பன் படுத்த வாக்குலயே காதைத் தீட்டுவான். "பாவாயி, கேட்டியா? என் கயிறு பால் கறக்குது!"

"கயிறு இங்க தொங்குது, பால் அங்க கறக்குது. உங்க லட்சுமிக்குத் திசை தெரியலையாட்ட இருக்குதுங்க."

"உனக்கென்னடி தெரியும்? கயிறு இங்க இருக்கறதாலதான் மாடு அங்க கறக்குது. அவன் குடிக்கற ஒவ்வொரு வாய்ப் பாலும் என் கயித்துப் புண்ணியம். ஒரு நாளாவது வந்து, 'அண்ணா, உங்க கயிறு நல்லாயிருக்குதுங்களா'ன்னு கேட்டானா?"

கேட்கல. கேட்கவே இல்ல. அதனால காரியப்பன் தம்பிகிட்டப் பேச்சை நிறுத்திட்டான். மானமுள்ளவன் வேற என்ன பண்ணுவான்?

"ம்."

அப்போ ஒரு நாள் காரியப்பன் விறகு வெட்டுனான். டொக்கு டொக்கு டொக்குன்னு காடே அதிர வெட்டுனான். நல்ல வேல விறகு, ஒரு பெரிய கட்டு. கட்டறதுக்குக் கயிறு வேணுமே? பாவாயி முளையைப் பார்த்தா.

"அதைப் பார்க்காதே"ன்னான்.

"கயிறுன்னா கட்டறதுக்குத்தானுங்க."

"லட்சுமியைக் கொண்டுபோய் விறகுல கட்டச் சொல்றியா?"

"அப்ப வேற ஒண்ணு திரிங்க."

"இருக்கற கயித்துக்குச் சக்களத்தி கொண்டாரச் சொல்றியா?"

காட்டுக் கொடியை அறுத்துக் கட்டித் தலையில வெச்சுக்கிட்டு சந்தைக்கு நடந்தான். பாதி வழியில கொடி "படக்". விறகு சடசடசடன்னு சரிஞ்சு எறக்கத்துல உருண்டு ஓடுச்சு. பின்னாலயே பால் குடத்தோட வந்த தம்பி குனிஞ்சு ஒரு கட்டையை எடுத்தான். "தொடாதே!"ன்னான் அண்ணன். தம்பி கீழ வெச்சுட்டுப் போயிட்டான். அப்புறம் சந்தைக்கு வந்த சனமெல்லாம் ஆளுக்கு ஒரு கட்டை பொறுக்கிட்டுப் போச்சு. அவங்களை இவன் ஒண்ணும் சொல்லல. அவங்க தம்பி இல்லையே.

"ம்... அப்புறம்?"

அப்புறம் பாவாயி, தன் பொறந்த வீட்லிருந்து ஒரு வெள்ளாட்டுக் குட்டி கொண்டாந்தா. துள்ளத் துடிக்க, கறுகறுன்னு. "இதைக் கட்டறதுக்காவது..."ன்னு முளையைக் காட்டுனா.

"மாட்டுக் கயித்துல ஆட்டைக் கட்டுனா மாட்டு லட்சுமி ரோசப்பட்டுப் போயிருவா"ன்னான்.

கட்டாத குட்டி என்ன பண்ணும்? மே... மேன்னு கத்திச்சு. வேலிச் சந்துல தலையை விட்டுச்சு. அந்தப் பக்கம் தவுடு, புண்ணாக்கு, கன்னுக்குட்டி வெளையாட்டு. போனது போனதுதான். பாவாயி வேலியோரம் நின்னு கூப்பிட்டா. குட்டி திரும்பிப் பார்த்துச்சு, காதை ஆட்டுச்சு, மறுபடி புண்ணாக்கு தின்னப் போயிருச்சு.

"உங்க லட்சுமி ஊருக்கே பொதுவுங்க, நமக்குத்தான் இல்ல"ன்னு சொல்லிட்டு அவ அடுப்பு ஊதப் போனா. புஃபூ... புஃபூ...

தூங்கிட்டியா?

"இல்ல. ஆட்டுக்குட்டி வரவே இல்லயா?"

வந்துச்சு, பொறு. கதையில எல்லாம் வரும்.

ரெண்டு பங்குக்கும் பொதுவா, வேலியோரம் ஒரு கெணறு. அந்தக் கெணத்துல தண்ணி சேந்தற கயிறு அறுந்து வெகு காலமாச்சு. "அண்ணன் போடட்டும்"னு தம்பி விட்டுட்டான், "தம்பி போடட்டும்"னு அண்ணன் விட்டுட்டான். பாவாயிதான் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊர்க் கெணத்துக்கு நடந்தா. கெணத்து மேட்டுல அண்ணன் பக்கம் ஒரு வேல மரம். அதோட கெளை வேலி தாண்டி அந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு. மத்தியானமானா மயிலை வந்து அந்த நெழல்ல படுத்து அசை போடும்.

காரியப்பனுக்கு வயிறு எரிஞ்சுச்சு. "பால் அவனுக்கு, ஆட்டுக்குட்டி அவனுக்கு, நெழலுமா?" கோடாலியை எடுத்துக்கிட்டுப் போனான். டொக்கு. டொக்கு. டொக்கு. மூணாவது வெட்டுல கோடாலி காம்பை விட்டுக் கழண்டு, சொய்ங்குன்னு பறந்து, தொபக்குன்னு கெணத்துல விழுந்துச்சு. காடும் வீடும் போக அவன் பங்குக்கு வந்தது அது ஒண்ணுதானே? எட்டிப் பார்த்தான். நல்லா எட்டிப் பார்த்தான்.

தொபுக்கட்டீர்!

"ஐயோ!"

அவனுக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயசுல தம்பி மொதல்ல கத்துக்கிட்டான், அதனால இவன் கத்துக்கல. படிக்கல்லெல்லாம் சரிஞ்சு போன கெணறு. சுவத்துல ஒரு அரசஞ்செடி வேரு நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதைப் பிடிச்சுத் தொங்கறான். வேரு நறநறன்னு எளகுது. "பாவாயீ!"ன்னு கத்துனான். "ஈ... ஈ... ஈ..."ன்னு கெணறும் கத்துச்சு.

பாவாயி ஓடியாந்தா, எட்டிப் பார்த்தா, மறுபடி வீட்டுக்கு ஓடுனா, கையில கயித்தோட வந்தா. மஞ்சள் பூசி, குங்குமம் வெச்ச கயிறு.

"அடியே, அதை ஏன்டி முளையிலிருந்து எடுத்தே?"

"ஏனுங்க, சாகப் போறீங்க!"

"இன்னைக்கு வெள்ளிக்கெழமைடி!"

அப்போ சத்தம் கேட்டுத் தம்பி வந்தான். கூடவே மயிலையும் வந்துச்சு, அதுக்கும் வேடிக்கை பார்க்கணுமே. பாவாயி கயிறை உள்ளே விட்டா. எட்டல. காரியப்பன் தலைக்கு மேல நின்னு ஊசலாடுது.

செல்லாண்டி, மயிலை கழுத்துல கட்டியிருந்த கயித்தோட மறு முனையை எடுத்தான். "ரெண்டையும் முடிஞ்சா எட்டும். மாடு இழுத்தா மேல வந்துருவீங்க. முடியட்டுங்களாண்ணா?"

காரியப்பனுக்குப் பல்லு கிடுகிடுன்னு ஆடுது. ஆனாலும் யோசிச்சான். "மறுபடி மயிலையோட சேர்ந்துட்டா என் கயிறு உன் கயிறு ஆயிருமேடா!"

"அப்ப வேண்டாமுங்களா?"

வேரு நறுக்குன்னுச்சு. தண்ணி நெஞ்சுக்கு வந்துச்சு, அப்புறம் தாடைக்கு வந்துச்சு. மேல பாவாயி அழுகறா. "தாலிக் கயித்தை நெனைச்சுப் பாருங்க, மாட்டுக் கயித்தை அப்புறம் பார்க்கலாம்!"

"முடி"ன்னான். அப்புறம், "கயிறு என்னுதுதான், எல்லாரும் கேட்டுக்கங்க!"ன்னான். கெணறு மட்டும், "ங்க... ங்க..."ன்னு கேட்டுக்கிச்சு.

தம்பி முடிஞ்சான். மயிலை இழுத்துச்சு. சரக்... சரக்... சரக்... தவளையாட்டம் சொட்டச் சொட்ட அண்ணன் மேல வந்தான். வந்ததும் என்ன கேட்டான் சொல்லு?

"சோறு?"

சோறு இல்ல கண்ணு. "என் கயிறை அவுத்துக் குடு."

தம்பி முடிச்சை அவுத்தான். வரல. பாவாயி எண்ணெய் விட்டுப் பார்த்தா, வரல. ஈரக் கயிறு, ஒரு ஆளு பாரம், ஒரு மாட்டு இழுப்பு. முடிச்சு கல்லாட்டம் இறுகிப் போச்சு. "அருவா கொண்டாரட்டுங்களா?"ன்னா. "அறுத்த கயித்துல லட்சுமி தங்குவாளாடி?"ன்னு சீறுனான்.

"சரி, மாட்டுக் கழுத்துல இருந்து அவுத்து முழுசாக் குடுடா."

அப்போ அந்த அமுக்கன் சிரிச்சான். "அப்படிக் குடுத்தா என் பாதியும் உங்க வீட்டுக்கு வந்துருமேங்கண்ணா. மாடு வேற வீட்டுக்குப் போனாலே கயிறு குடுக்கக்கூடாது. மாடு என் வீட்லயே இருக்குது, நான் எப்படிக் குடுக்கறது? முறைன்னு ஒண்ணு இருக்குதில்லைங்க?"

அது காரியப்பனே சொன்ன முறைதானே. ஆனா தன் முனையை விட்டானா? விடுவானா? கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான்.

மயிலைக்குப் பசிச்சுச்சு, காட்டுப் பக்கம் நடந்துச்சு. அண்ணனும் பின்னால நடந்தான். புல்லு மேஞ்சுச்சு, இவன் நின்னான். தண்ணி குடிக்கப் போச்சு, இவனும் போனான். பொழுது சாஞ்சதும் மாடு தம்பி கட்டுத்தரைக்குப் போச்சு, அண்ணன் கயித்தோட முனையை அங்க இருந்த முளையில சுத்தி வெச்சுட்டு வீட்டுக்கு வந்தான். விடிஞ்சா மொத ஆளாப் போய்ப் பிடிச்சுக்குவான். ஊர்க்காரங்க கேட்டாங்க, "ஏப்பா காரியப்பா, தம்பி மாட்டை மேய்க்கறியா?"

"நானா? நான் என் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறேன். மாடு கூட வருது."

"ம்... ஆட்டுக்குட்டி?"

அதுவும் மாட்டுப் பின்னாலயே வந்துச்சு. சொன்னேனில்ல?

அப்புறம் தெனமும் காலையில மண்சுவரு மேல ஒரு செம்புப் பால் இருக்கும். "கயித்துக்குப் படைச்ச பால்"ன்னு சொல்லிக் காரியப்பன் கௌரவமா எடுத்துக் குடிப்பான். பாவாயி சொல்லுவா, "கயித்துக்கு நல்லாத் தொந்தி போடுதுங்க."

"அந்த அண்ணன் தம்பிகூடப் பேசுனாரா?"

பேசறதா? அதெப்படிப் பேசுவான்? மாட்டுக்கிட்டத்தான் பேசுவான். "மயிலே, தவுடு தீர்ந்து போச்சுன்னு உன் எசமான்கிட்டச் சொல்லு." தம்பி அஞ்சடி தள்ளி நின்னுக்கிட்டு, "மயிலே, சாயங்காலம் வாங்கியாறேன்னு எங்கண்ணன்கிட்டச் சொல்லு"ம்பான். மாடு ரெண்டு பேரையும் பார்த்துட்டு வாலை ஆட்டும்.

அந்த முடிச்சு இன்னும் அவுரல. அவுந்துருமோன்னு அண்ணனுக்கு ஒரு பயம். அதனால மாடு படுத்துக்கிட்டு இருக்கறப்ப, யாரும் பார்க்காத நேரமாப் பார்த்து, லேசாத் தண்ணி தெளிச்சு, இன்னொருக்கா இறுக்கி விட்டுக்குவான்.

"..."

ம் சொல்லல. சரி. ஒரு முனை அண்ணன் கையில, ஒரு முனை மாட்டுக் கழுத்துல, நடுவுல முடிச்சு. கதைக்கும் அங்கேயே முடிச்சு போட்டாச்சு. தூங்கு கண்ணு, தூங்கு.