தூணடித் தண்ணீர்

பூரணியம்மாள் மடத்து முகப்பை நாலு மரத்தூண்கள் தாங்கின. தாங்கின என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. படியோரத்துத் தூண்கள் இரண்டும் அடியில் இத்துப்போய், விரலால் குத்தினாலே மாவாக உதிர்ந்தன.

மடத்து நிர்வாகம் சடையப்பர் பொறுப்பு. குருவைவிட வயதில் மூத்த சீடர். குறை கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

தூண் கவலை போதாதென்று அன்று இன்னொரு தலைவலி. சமையல்காரர் இசக்கிமுத்து பையைக் கட்டிக்கொண்டு முகப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போகிறாராம். விடிந்தால் குருபூஜை! ஊரே சாப்பிட வரும்.

சடையப்பர் குரு பூரணியம்மாளிடம் ஓடினார்.

“முன்னாடி இருந்தவன் சோம்பேறி, அம்மா. அதுக்கு முந்தினவன் வாய்க்கொழுப்பு பிடிச்சவன். இவன் ரோஷக்காரன். நல்ல ஆளை எப்படித்தான் பார்த்து எடுக்கிறது?”

“அது கிடக்கட்டும். தூணுக்கு என்ன மரம் பார்த்தீங்க?”

சடையப்பர் முகம் மலர்ந்தது. “தேக்கு, அம்மா. வைரம் பாய்ஞ்சது. தட்டினா கணீர்னு கேக்குது.”

“இத்துப்போனது என்ன மரம்?”

“வேங்கை.”

“அதுக்கு முன்னாடி?”

“கோங்கு. அதுவும் அடியிலதான் போச்சு. மரக்கடைக்காரன் ஏமாத்திட்டான், படுபாவி.”

“உள்ளே தள்ளி நிக்கிற ரெண்டு தூணும்?”

“அதுவும் வேங்கைதான். ஒரே தடியில அறுத்தது. அது நல்லாத்தான் நிக்குது.”

“வாங்க, நானும் ஒருக்கா மரத்தைப் பார்க்கிறேன்.”

மரக்கடை அடுத்த தெருவில். அம்மாள் தேக்கைத் தட்டிப் பார்த்தார். “நல்ல மரம்தான்,” என்றார்.

திரும்பி வந்ததும் சடையப்பர் வாசல் தொட்டியில் சொம்பை முக்கினார். கால் கழுவாமல் மடத்துக்குள் ஒரு ஈயைக்கூட விடமாட்டார் அவர். இடது கையால் படியோரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு காலில் ஊற்றினார். ஒரு சொம்பு போதாதென்று இன்னொரு சொம்பு. ஊற்றிக்கொண்டே இசக்கிமுத்துவைப் பார்த்தார்.

“இன்னும் என்னவே உட்கார்ந்திருக்கீரு? ஒழுங்கா உப்புப் போடத் தெரியல. ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல!”

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாள் படியேறாமல் தூணடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சடையப்பரும் குனிந்து பார்த்தார். காலில் விழுந்த தண்ணீர் தூணைச் சுற்றித் தேங்கி, மெல்ல மரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் கை அப்படியே நின்றது.

“ஐயோ… இத்தனை வருஷமா நான்தானா, அம்மா?”

“வர்றவங்க எல்லாரும் இங்கதான் கழுவுறாங்க. கழுவச் சொல்றது நீங்க.”

“அப்போ தேக்கு வாங்கினாலும்…”

“அதுவும் இத்துப்போகும்.”

சடையப்பர் தலையைச் சொறிந்தார். “சரிம்மா. இனிமே தண்ணியைத் தள்ளி ஊத்தச் சொல்றேன். தூண் விஷயம் தீர்ந்துச்சு. இசக்கி விஷயத்துக்கு ஒரு வழி சொல்லுங்க.”

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. இசக்கிமுத்து எழுந்து நின்றார்.

“தூணுக்குக் கால் இல்ல, சடையப்பரே. நீங்க ஊத்த ஊத்த நின்ன இடத்துலயே நின்னு இத்துப்போச்சு,” என்றார் அம்மாள். “இசக்கிக்குக் கால் இருக்கு.”

சடையப்பர் சொம்பைக் கீழே வைத்தார். இசக்கிமுத்துவின் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.